எங்கே கிடந்தது என்று எழுதி வையுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் சிங்கப்பூரின் ஈசூனில் பிறந்து வளர்ந்தவள். அமெரிக்காவின் தென்மேற்கில் உள்ள அரிசோனா மாநிலத்தில் தொல்லியல் முதுநிலைப் படிப்புப் படித்து வருகிறேன். விடுமுறைக்கு வீடு வந்திருக்கும் இந்த நேரத்தில் நம் மக்களிடம் ஒன்று கேட்டுக்கொள்ள வேண்டும் என்று தோன்றியது. அதற்காகவே இந்தக் கடிதம்.

கீழடி பற்றிய பேச்சு இன்று நம் வீடுகளில் சாதாரணமாகிவிட்டது. 2023ல் அங்கே அருங்காட்சியகம் திறந்தபின், மதுரைக்குப் போகும் சிங்கப்பூர்க் குடும்பங்கள் ஒரு நடை அதையும் பார்த்துவிட்டு வருகின்றன. இது எனக்குப் பெரிய மகிழ்ச்சி. ஆனால் என் உறவினர்கள் கேட்கும் கேள்விகள் இரண்டுதான். “எவ்வளவு பழசு?” என்பது ஒன்று. “தங்கம் கிங்கம் கிடைச்சுதா?” என்பது மற்றொன்று. ஒரு பொருள் எந்த மண்ணில், எந்த ஆழத்தில், எதன் பக்கத்தில், எப்படிக் கிடந்தது என்று யாரும் கேட்டதில்லை. தொல்லியலில் முக்கால்வாசிப் பாடம் அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. கீழடியின் மதிப்பே அங்கே கிடைத்தவற்றை அடுக்கு அடுக்காகப் பதிவு செய்ததில் இருக்கிறது. எழுத்துப் பொறித்த பானை ஓடு ஒன்றை யாரோ பையில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்திருந்தால் அதை வைத்து இவ்வளவு பேச முடிந்திருக்காது.

சொனோரன் பாலைவனத்தில் நான் வேலை செய்யும் பகுதியில் மணல்மேடும் ஒட்டகமும் இல்லை. பனைமரம்போல் நிமிர்ந்து நிற்கும் சகுவாரோ கள்ளியும் முள் நிறைந்த மெஸ்கீட் மரமுமாகப் பச்சையாகவே இருக்கும். கோடையில் வெயில் 40 டிகிரியைச் சுலபமாகத் தாண்டிவிடும். அதனால் இருட்டோடு எழுந்து கிளம்பி, உச்சிவெயிலுக்குள் வேலையை முடித்துவிடுவோம். கல்லைப் புரட்டுவதற்கு முன்னால் கோலால் தட்டிப் பார்ப்போம், கிலுகிலுப்பைப் பாம்பு இருக்கும். ஜூலையில் பிற்பகல் மழை இறங்கும்போது கிரியோசோட் புதர்களிலிருந்து எழும் மணத்தை எழுத்தில் கொண்டுவர எனக்குத் தெரியவில்லை.

இந்த வறண்ட இடத்தில் ஹோஹோகம் என்று தொல்லியலாளர் குறிப்பிடும் மக்கள் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள், சுமார் கி.பி. 450 முதல் 1450 வரை, கால்வாய் வெட்டி வேளாண்மை செய்தார்கள். இரும்பு கிடையாது, மாடு கிடையாது, சக்கர வண்டி கிடையாது. மரக்கோலாலும் கல் மண்வெட்டியாலும் நூற்றுக்கணக்கான மைல் நீளத்துக்குக் கால்வாய்கள் வெட்டினார்கள். இன்றைய ஃபீனிக்ஸ் நகரமே அவற்றின்மேல் எழுந்ததுதான். 19ஆம் நூற்றாண்டில் குடியேறியவர்கள் பழைய வாய்க்கால் தடத்தைப் பார்த்து, பல இடங்களில் அதையே பின்பற்றித் தங்கள் கால்வாய்களை வெட்டினார்கள். பழைய நாகரிகத்தின் சாம்பலிலிருந்து எழும் ஊர் என்ற எண்ணத்தில்தான் ஃபீனிக்ஸ் பறவையின் பெயரையும் வைத்தார்கள். விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே ஒரு தொல்லியல் இடமும் அருங்காட்சியகமும் இருக்கின்றன. முன்பு புவெப்லோ கிராண்டே என்று அழைக்கப்பட்ட அதற்கு 2023ல் உள்ளூர்ப் பழங்குடியினரான ஓஓதாம் மக்களின் மொழியில் பெயர் மாற்றினார்கள்.

கண்மாயும் மடையும் கல்லணையும் பற்றிக் கேட்டு வளர்ந்த எனக்கு, முதன்முதலாக ஒரு பழைய கால்வாயின் குறுக்கு வெட்டைப் பார்த்தபோது உடம்பு சிலிர்த்தது. சாலை போடுவதற்கு முன்னால் எக்ஸ்கவேட்டரால் நீளமாகப் பள்ளம் தோண்டி, அதன் சுவரைக் கொத்தனார் கரண்டியால் சுரண்டிச் சுத்தம் செய்வோம். செம்மண் சுவரில் ஒரு கிண்ண வடிவம் மெல்லத் தெரிய வரும். அடியில் பருமணல், தண்ணீர் வேகமாக ஓடியதன் அடையாளம். அதற்குமேல் பொடிமணல். மேலே போகப்போகக் களிமண், வேகம் குறைந்து தேங்கியதால் படிந்தது. சில இடங்களில் அந்தக் களிமண்ணுக்குள்ளேயே இன்னொரு சிறிய கிண்ணம் இருக்கும்: தூர்ந்துபோனதைத் திரும்பவும் வெட்டியிருக்கிறார்கள். அந்தச் சுவரில் பொருள் என்று எடுத்துக் காட்ட எதுவுமே இல்லை. வெறும் மண்தான், ஆனால் ஓர் ஊரின் தண்ணீர்க் கணக்கு முழுவதும் அதில் இருந்தது. அலமாரியில் வைக்க முடியாத இந்தச் செய்தி, ஒரு நாள் அவசரமாகத் தோண்டினால் போய்விடும்.

அந்த மக்கள் மக்காச்சோளம் அரைக்கப் பயன்படுத்திய கல்லைப் பற்றிச் சொன்னால் நான் சொல்ல வருவது எல்லாருக்கும் விளங்கும். நம் அம்மியும் குழவியும் போலத்தான் அது. அடிக்கல் நடுவில் தேய்ந்து தொட்டிபோல் குழிந்திருக்கும். இரண்டு கையாலும் பிடித்துத் தேய்க்கும் கல் தனியாக இருக்கும். தரையைச் சற்றுத் தாழ்த்தி, அதற்குள் கம்பு நட்டுக் கட்டிய வீடு ஒன்றை அகழ்ந்துகொண்டிருந்தோம். கூரை எரிந்து விழுந்த கரியும், நாணல் பதிந்த சுட்ட மண் கட்டிகளும் முதலில் வந்தன. அவற்றின் கீழே பூசிய தரை. வாசலுக்கு நேரே அடுப்புக் குழி. சுவரோரம், தூண் நட்ட குழிக்குப் பக்கத்தில், அரைகல் ஒன்று குப்புறக் கிடந்தது.

எனக்கு உடனே அதைப் புரட்டிப் பார்க்க வேண்டும்போல் இருந்தது. எங்கள் குழுவை நடத்தியவர் கையைக் காட்டி நிறுத்தினார். முதலில் படம் எடுத்தோம். நான்கு பக்கமும் அளந்து வரைந்தோம். சுற்றியிருந்த மண்ணைத் தனிப் பையில் போட்டு, இடத்தின் எண், குழியின் எண், ஆழம், தேதி, எடுத்தவரின் முதலெழுத்து எல்லாவற்றையும் எழுதினோம். அரைக்கும் பக்கத்தைக் காய்ச்சி வடித்த நீரால் கழுவி, அந்தத் தண்ணீரைப் புட்டியில் பிடித்தோம். அதில் மகரந்தம் இருக்கும். கடைசியாக அரைத்தது என்ன என்று சோதித்துப் பார்க்கலாம். குப்புறக் கவிழ்ந்திருப்பதும் ஒரு செய்தி. வீட்டை விட்டுப் போகிறவர்கள் திரும்பி வருவோம் என்ற எண்ணத்தில் அரைக்கும் பக்கம் அழுக்காகாமல் கவிழ்த்து வைத்திருக்கலாம். அடியில் ஓட்டை விழும்படி உடைத்துப் போட்டிருந்தால் அதற்கு வேறு பொருள். கல் அதே கல்தான். கிடந்த விதத்தில்தான் வேறுபாடு.

இதே போன்ற கற்களை அரிசோனாவில் வீட்டுத் தோட்டங்களிலும் பார்த்திருக்கிறேன். பூச்செடிகளுக்கு நடுவே, பறவைக்குத் தண்ணீர் ஊற்றி வைத்திருப்பார்கள். எங்கிருந்து வந்தது என்று கேட்டால் “தாத்தா காலத்தில் எங்கேயோ எடுத்தது” என்பார்கள். அன்போடுதான் வைத்திருக்கிறார்கள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் எந்த வீட்டில் யார் அரைத்த கல் என்ற கேள்விக்கு இனி யாராலும் பதில் சொல்ல முடியாது.

இன்னொன்றும் உண்டு. திறந்த வெளியில் வரிசையாக நடந்து, தரைமேல் கிடப்பவற்றைப் பதிவு செய்வது எங்கள் வேலையில் பெரும்பகுதி. பானை ஓடு கண்ணில் பட்டால் பக்கத்தில் சிறு கொடி ஒன்றைக் குத்துவோம், இடத்தைக் குறித்துக்கொள்வோம், பார்த்து முடித்ததும் அதே இடத்தில் திரும்ப வைத்துவிடுவோம். வெளிர் மண் நிறத்தில் சிவப்புக் கோடு தீட்டிய ஓடுகள் மிக அழகானவை. சாதாரண ஓடுகளிலும் மண்ணோடு சேர்த்துப் பிசைந்த அப்பிரகக் கல் வெயிலில் மினுங்கும். சில இடங்களில் ஒரு தட்டைக் கல்லின்மேல் இப்படிப்பட்ட ஓடுகளை வட்டமாக அடுக்கி வைத்திருப்பதைக் காண்போம். சுற்றிப் பார்க்க வந்தவர்கள் அடுத்து வருகிறவர்களும் ரசிக்கட்டும் என்று பொறுக்கிச் சேர்த்தது. திருட்டு ஒன்றும் நடக்கவில்லை, எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. ஆனால் எது குப்பைமேட்டிலிருந்து வந்தது, எது வீட்டு வாசலிலிருந்து வந்தது என்பது போய்விட்டது. தோண்டித் திருடிய குழிகளைப் பார்க்கும்போது கோபம் வரும். இந்தக் கல்லைப் பார்க்கும்போது எனக்கு வருவது வருத்தம்.

வயதைக் கண்டறிவதற்கும் இடம்தான் வேண்டும். நியூ மெக்சிகோவின் வொயிட் சேண்ட்ஸில் கிடைத்த மனிதக் காலடித் தடங்கள் 21,000 முதல் 23,000 ஆண்டுகள் பழமையானவை என்று 2021ல் வெளியான ஆய்வு சொல்லி உலகையே திரும்பிப் பார்க்க வைத்தது. காலடித் தடத்தில் சோதிக்க என்ன இருக்கிறது? அது வெறும் பள்ளம். தடத்துக்கு மேலும் கீழும் இருந்த மண் அடுக்குகளில் கிடைத்த நீர்த்தாவர விதைகளைச் சோதித்துத்தான் அந்த வயதைச் சொன்னார்கள். அதேபோல, ஏ. இ. டக்ளஸ் என்ற வானியலாளர் மர வளையங்களை எண்ணி எண்ணி, 1929ல் அரிசோனாவின் ஷோ லோ என்ற ஊரில் கிடைத்த எரிந்த உத்தரத் துண்டு ஒன்றின் உதவியால் பழைய வரிசையையும் புதிய வரிசையையும் இணைத்தார். அதன்பிறகு நியூ மெக்சிகோவில் உள்ள புவெப்லோ பொனிட்டோ போன்ற பழங்குடியினரின் பெரும் கட்டடங்களின் உத்தரம் எந்த ஆண்டு வெட்டப்பட்டது என்றே சொல்ல முடிந்தது. உத்தரம் எந்த அறையில் இருந்தது என்று தெரிந்தால் அந்த அறையின் வரலாறும் கிடைக்கும். தெரியாவிட்டால் ஆண்டு மட்டும் தனியே நிற்கும்.

பொருளுக்கு உரியவர்கள் யார் என்ற கேள்வியும் அங்கே கூடவே வரும். 1891ல் கொலராடோ மாநிலத்தின் மேசா வெர்டே என்ற பழங்குடிக் குடியிருப்புப் பகுதியில் ஸ்வீடனைச் சேர்ந்த நோர்டன்ஷெல்ட் தோண்டி எடுத்துச் சென்றவை ஃபின்லாந்தின் தேசிய அருங்காட்சியகத்தில் சேர்ந்தன. அன்று அதைத் தடுக்கச் சட்டமே இல்லை. அவற்றில் மனித எலும்புகளும் கல்லறைப் பொருள்களும் 2020ல்தான் திரும்பி வந்து மீண்டும் மண்ணுக்குள் வைக்கப்பட்டன. 1990ல் அமெரிக்கா கொண்டுவந்த சட்டம், அருங்காட்சியகங்கள் இப்படிப்பட்டவற்றைப் பழங்குடியினரிடம் திருப்பித் தருவதற்கு வழி செய்தது. எங்கள் களத்திலும் பழங்குடிச் சமூகத்தின் சார்பில் ஒருவர் உடன் இருந்தார். “மறைந்துபோன மக்கள்” என்று யாராவது சொன்னால், நாங்கள் இங்கேதானே இருக்கிறோம் என்று அமைதியாகச் சொல்வார். எந்தக் கள்ளிப் பழத்தை எந்த மாதம் பறிப்பார்கள், எந்தச் செடியை எதற்குப் பயன்படுத்துவார்கள் என்று அவர் சொன்னதிலிருந்து, நாங்கள் தோண்டிய அடுப்புக் குழியே எனக்கு வேறு மாதிரித் தெரிந்தது.

இனி நம் ஊருக்கு வருகிறேன். சிங்கப்பூர் மண் ஈரமானது, அமிலம் மிகுந்தது. எலும்பும் மரமும் துணியும் இங்கே நெடுங்காலம் தாங்குவதில்லை. பானை ஓடு, பீங்கான், கண்ணாடி மணி, நாணயம் இவைதான் பெரும்பாலும் மிஞ்சும். ஆகவே மண்ணடுக்கை நம்பியிருப்பது பாலைவனத்தைவிட இங்கே இன்னும் அதிகம். 1920களில் ஃபோர்ட் கேனிங் குன்றில் நீர்த்தேக்கத்துக்காகத் தோண்டிய தொழிலாளர்கள் 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த தங்க நகைகளைக் கண்டெடுத்தார்கள். நகை தேசிய அரும்பொருளகத்தில் இருக்கிறது, நம்மில் பலர் பார்த்திருப்போம். ஆனால் அந்தக் குன்றில் மக்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பதை, 1984ல் தொல்லியலாளர் ஜான் மிக்சிக் அங்கே முறையான அகழாய்வைத் தொடங்கிய பிறகு கிடைத்த ஓடுகளும் மணிகளும்தான் அதிகம் சொல்லியிருக்கின்றன. 2015ல் எம்பிரஸ் பிளேஸில் நடந்த அகழாய்வில் சுமார் 3 டன் பொருள்கள் கிடைத்தன. கட்டுமானப் பணி காத்திருக்கும்போது, கொடுத்த நாள்களுக்குள் ஓடி ஓடிச் செய்த வேலை அது. இங்கே பெரும்பாலும் இப்படித்தான் நடக்கும். இடம் சிறிது, கட்டுவது அதிகம்.

நம்மவர்களுக்கு நெருக்கமான இன்னோர் எடுத்துக்காட்டு: தாய்லாந்தின் கிராபிப் பகுதியில் குவான் லுக் பட் என்ற இடத்தில் தமிழ் எழுத்துப் பொறித்த உரைகல் ஒன்று கிடைத்தது. ‘பெரும்பதன் கல்’ என்று அதில் எழுதியிருக்கிறது. கி.பி. 3 அல்லது 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு தமிழ்ப் பொற்கொல்லர், கடல் தாண்டி வந்து பட்டறை போட்ட இடமாக இருக்கலாம். ஆனால் மணி தேடிய ஆட்கள் அந்த மேட்டைக் குடைந்து தள்ளிவிட்டார்கள். அவருடைய உலை எங்கே இருந்தது, பக்கத்தில் யார் குடியிருந்தார்கள் என்பதையெல்லாம் அந்த மண் சொல்லியிருக்கும். அதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆறவில்லை.

நம் பெருமைக்குரிய இடங்கள் சிராங்கூன் சாலையிலும் இருக்கின்றன, செம்பவாங்கிலும் இருக்கின்றன. 1819ல் ராஃபிள்சுடன் வந்த நாராயண பிள்ளை தஞ்சோங் பகாரில் செங்கல் சூளை வைத்தார். 1825 முதல் இங்கே கொண்டுவரப்பட்ட இந்தியக் கைதிகள் சாலை போட்டார்கள், சதுப்பு நிலத்தைத் தூர்த்தார்கள், செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தைக் கட்டினார்கள். அதன் சுவருக்குச் சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கருவும் சர்க்கரையும் சேர்த்துக் குழைத்த சென்னைச் சாந்தைப் பூசினார்கள். நம் முன்னோர் சிராங்கூன் சாலைப் பக்கத்தைச் சுண்ணாம்புக் கம்பம் (கம்பம் என்றால் மலாய் மொழியில் சிற்றூர்) என்று அழைத்ததற்கு அங்கிருந்த சுண்ணாம்புச் சூளைகளே காரணம். பிறகு வந்தவர்கள் ரப்பர்த் தோட்டங்களிலும் கடற்படைத் தளத்திலும் உழைத்தார்கள். இவர்களில் மிகப் பெரும்பாலோர் தங்கள் கதையைத் தாமே எழுதி வைக்கவில்லை. அவர்கள் புழங்கிய பொருள்கள் மட்டும் நம் வீடுகளில் ஒன்றிரண்டு கிடக்கின்றன. அவற்றைப் பற்றிச் சொல்லக்கூடியவர்களுக்கு எண்பது வயதாகிவிட்டது.

எங்கள் வீட்டு அம்மியைப் பற்றி இந்த விடுமுறையில் பாட்டியிடம் உட்கார்ந்து கேட்டேன். புளோக்கின் நடைபாதையில் பூந்தொட்டிகளுக்குப் பக்கத்தில் அது பல வருடமாகக் கிடக்கிறது. தாத்தா வாங்கியது என்பதுதான் எங்களுக்குத் தெரிந்த அளவு.

“தாத்தா எங்கே வாங்குனாரு? ஜொகூர்ல கூலாய் தோட்டத்துல கங்காணி வீட்டம்மா ஊருக்குப் போறப்போ எனக்குக் குடுத்துட்டுப் போனது” என்றார் பாட்டி. “செம்பவாங்குக்கு லாரியில ஏத்திக்கிட்டு வந்தோம். உங்க அத்தை அப்போ கைக்குழந்தை. லயத்து வீட்டுல பின்பக்கம், அடுப்புக்கு எடதுகைப் பக்கம் போட்டிருந்தோம். பக்கத்து வீட்டு மலையாளத்தம்மாவும் அதுலதான் தேங்கா அரைக்கும்.”

அந்தக் கல்லில் ஓர் ஓரம் மற்ற பக்கத்தைவிட அதிகமாகத் தேய்ந்திருப்பதை அன்றுதான் விரலால் தடவிப் பார்த்தேன். பாட்டிக்கு இடக்கைப் பழக்கம். ஆனால் தேய்ந்திருப்பது வலப்பக்கம். “அது எனக்கு முன்னால அரைச்சவங்க தேச்சது” என்றார். கூலாய் தோட்டத்தில் பெயர் தெரியாத அந்த அம்மாள் எத்தனை வருடம் அரைத்தாரோ! பாட்டி சொன்னதை அவர் சொன்னபடியே எழுதிக்கொண்டேன். லயத்து வீட்டின் (தொழிலாளர்களுக்கான வரிசை வீடு) பின்பக்கத்தை அவர் சொல்லச் சொல்ல வரைந்தேன். அடுப்பு, விறகு வைத்த இடம், தண்ணீர்க் குழாய், மலையாளத்தம்மா வரும் வழி எல்லாம் அதில் இருக்கின்றன. வரைந்ததைக் காட்டியபோது பாட்டி இரண்டு இடத்தில் திருத்தினார்.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டைக் காலி செய்யும்போதும், பெரியவர்கள் காலமானபின் அறையை ஒழிக்கும்போதும் எத்தனையோ பொருள்கள் குப்பைக்குப் போகின்றன. சில இந்திய மரபுடைமை நிலையத்துக்குப் போகலாம், சில பிள்ளைகள் வீட்டு வரவேற்பறைக்குப் போகலாம். எங்கே போனாலும் கூடவே ஒரு தாள் போகட்டும் என்பதே என் வேண்டுகோள். யார் பயன்படுத்தியது, எந்த ஊரில், எந்தக் கம்பத்தில், வீட்டில் எந்த இடத்தில் இருந்தது, எந்த வருடம் இடம் மாறியது, கூட வேறென்ன இருந்தது என்று எழுதுங்கள். வருடம் தெரியாவிட்டால் “அத்தை கைக்குழந்தையாக இருந்தபோது” என்று எழுதினாலும் போதும், கணக்குப் பார்த்துக்கொள்ளலாம். தேய்ந்த இடத்தைத் தேய்க்காதீர்கள். பித்தளை விளக்கின் கரியைப் பளபளப்பாக்குவதற்கு முன்னால் ஒரு படமாவது எடுத்துவிடுங்கள். கட்டுமானத் தளத்தில் வேலை செய்யும் நம் அண்ணன் தம்பிகளுக்கும் ஒரு சொல்: மண்ணில் பழைய ஓடோ நாணயமோ தென்பட்டால் அதை எடுத்துப் பையில் போடுவதற்கு முன், கிடக்கும் நிலையிலேயே படம் எடுத்து மேற்பார்வையாளரிடம் சொல்லுங்கள். தேசிய மரபுடைமைக் கழகத்துக்குத் தெரிவிக்கலாம்.

நம் உயர்நிலைப் பள்ளி, தொடக்கக் கல்லூரி மாணவர்களிடமும் கேட்டுக்கொள்கிறேன். இங்கே அகழாய்வு நடக்கும்போது ஓடு கழுவவும் பிரிக்கவும் தொண்டூழியர்களைச் சேர்ப்பதுண்டு. போய் உட்காருங்கள். தமிழ்ப் பிள்ளைகள் அந்த மேசைகளில் இன்னும் நிறையப் பேர் இருக்க வேண்டும். தாத்தா பாட்டி சொல்லும் ஊர்ப் பெயரையும் கம்பத்துப் பெயரையும் காதில் வாங்கி வளர்ந்தவர்கள் அங்கே இருந்தால், ஒரு பானை ஓட்டைப் பார்த்ததும் கேட்கத் தோன்றும் கேள்விகளே வேறாக இருக்கும்.

ஆசிரியர் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். வாரம் ஒரு நாள் உங்கள் பக்கத்தில் சிறு இடம் ஒதுக்கி, வாசகர்கள் வீட்டுப் பழைய பொருள் ஒன்றின் படத்தையும், அது எங்கே கிடந்தது, எப்படி வந்தது என்ற குறிப்பையும் வெளியிட முடியுமா? பொருள் விலை உயர்ந்ததாக இருக்க வேண்டியதில்லை. தோட்டத்தில் பால் எடுத்த கத்தி, கடற்படைத் தளத்து அடையாளத் தகடு, ஆட்டுக்கல், தூக்குச்சட்டி எதுவானாலும் சரி. முதல் குறிப்புக்காக எங்கள் அம்மியின் படத்தையும், பாட்டி திருத்திக்கொடுத்த வரைபடத்தையும் இக்கடிதத்தோடு அனுப்பியிருக்கிறேன். கூலாய் தோட்டத்தில் அந்தக் காலத்தில் இருந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், கங்காணி வீட்டம்மாவின் பெயரை எங்களுக்குத் தெரிவிக்கும்படி பாட்டி கேட்டுக்கொள்ளச் சொன்னார்.

இப்படிக்கு,
தொல்லியல் முதுநிலை மாணவி,
ஈசூன்